ஒரே தகரத்துக்குக் கீழே இரண்டு கதவு

ட்ரோன் முதல் தடவை வந்த காலையில் ஹபீலா தன் மேல்மாடியில் கருவாடு காயப்போட்டுக்கொண்டிருந்தாள். காகம் என்று நினைத்து, தலையை நிமிர்த்தாமலே விளக்குமாற்றை வீசினாள். விளக்குமாறு நபீஸ் நானாவின் கடைத் தகரத்தில் போய் விழுந்தது. காகம் மட்டும் அசையவில்லை. நாலு காற்றாடி சுழல, வண்டு மாதிரி இரைந்துகொண்டு, அங்கேயே நின்று அவளையும் கருவாட்டையும் பார்த்தது.

கொட்டாஞ்சேனையில் எங்கள் ஒழுங்கைக்குப் பதினேழாம் இலக்கத் தோட்டம் என்று பெயர். தோட்டம் என்றதும் மரம் செடி தேட வேண்டாம். ஒரு காலத்தில் யாரோ ஒரு வியாபாரியின் சரக்கு அறைகள். வியாபாரி போனார், சரக்கு போனது, அறைகளில் ஆட்கள் வந்தார்கள். இப்போது இருபத்திரண்டு வீடு. ஒருவரிடமும் காணி உறுதிப் பத்திரம் கிடையாது. இருக்கிறவர் இருக்கிற இடம் அவருடையது, அவ்வளவுதான். எது யாருடைய வீடு, யார் வீட்டில் இன்றைக்கு என்ன கறி, யாருக்கு யாரோடு பேச்சு இல்லை என்பதெல்லாம் இருபத்திரண்டு வீட்டுக்கும் தெரியும். இதை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள். பின்னால் தேவைப்படும்.

இன்னொன்றும் எல்லோருக்கும் தெரியும். ஆளுக்கொரு சின்னக் கள்ளம். நபீஸ் நானாவின் கடைப்படி ஒழுங்கைக்குள் மூன்று அடி இறங்கியிருந்தது. ஹபீலாவின் மேல்மாடிக்கு அனுமதி எடுத்ததாக வரலாறு இல்லை. ஒழுங்கைக் கடைசியில், பதினேழின் கீழ் ஒன்பதாம் இலக்க வீட்டில் இருந்த சிட்டாளின் குசினி, இரண்டு அடி தள்ளி நகரசபையின் கழிவுநீர்க் கானின் மேலே நின்றது.

ட்ரோன் எதற்கு வந்தது என்று அன்று கடையடியில் விளக்கம் கொடுத்தவர் நபீஸ் நானா.

"கான் மேல கட்டினவங்கள பிடிக்க வந்த சாமான் அது. மேல இருந்து படம் எடுத்து, கம்பியூட்டர்ல போட்டு, அடுத்த கிழம டோசர் அனுப்புவானுகள். என்ட மச்சான்ட கூட்டாளிக்குத் தெரிஞ்ச ஒருத்தன்ட வீடு அப்பிடித்தான் போன."

"எங்க நானா போன?" என்றாள் ஹபீலா.

"இடம் ஞாபகமில்ல. ஆனா போன."

உண்மையான காரணம் குழாயடி மதிலில் மூன்று மொழியிலும் ஒட்டியிருந்தது. ஒட்டிய மறுநாளே அதன் மேல் சாதாரண தரப் பரீட்சைக் கணித வகுப்புக்காரர் தன் சிரித்த முகச் சுவரொட்டியை ஒட்டிவிட்டார். அவருடைய நாடிக்குக் கீழே அறிவித்தலின் கடைசி வரி, திகதியும் கையொப்பமும் மட்டும் தெரிந்தது. அதைப் பார்த்து இன்னும் பயந்தோம்.

வெள்ளிக்கிழமை, நில அளவைக்காரப் பிள்ளை பர்ஸானா வந்தாள். கையில் டெப் கணினி, கழுத்தில் அடையாள அட்டை, காலில் சேறு பட்டுப் பட்டு நிறம் மாறிய சப்பாத்து. குழாயடியில் நின்று, சின்ன ஒலிபெருக்கியில் சொன்னாள்.

"இது நகரத்துக் காணி எல்லாத்துக்கும் டிஜிட்டல் வரைபடம் கீறுற வேல. உறுதி இல்லாம ஈக்கிற உங்களுக்கு உங்கட பேர்ல உறுதி குடுக்கத்தான். யாரட வீட்டையும் ஒடைக்க வரல்ல. அண்டைக்கு வானம் மப்பா இருந்ததால படம் சரி வரல்ல. திங்கக்கிழம திருப்பி எடுப்பம். செவ்வாக்கிழம நான் வீடு வீடா வந்து, எந்தக் கூர யாரட எண்டு பதிவன். தயவுசெஞ்சு வீட்ல நில்லுங்க."

எல்லோரும் தலையாட்டினோம். தலையாட்டுவதில் எங்கள் ஒழுங்கையை வெல்ல ஆளில்லை. அவள் முடுக்குத் திரும்பியதும் நபீஸ் நானா மெல்லச் சொன்னார்: "ஒடைக்க வாறவன், ஒடைக்க வாறன் எண்டு செல்லிட்டா வருவான்?"

அந்த ஒரு கேள்வி போதுமாக இருந்தது.

சிட்டாள் அன்று பின்னேரம் ஆறரைக்குத்தான் வேலையால் வந்தாள். வெள்ளவத்தையில் காலி வீதியில் ஒரு சேலைக்கடையின் பின்னறையில் உட்கார்ந்து, சேலைகளுக்கு ஃபோல்ஸ் தைக்கிற வேலை. புருஷன் துறைமுகத்தில் மூட்டை ஏற்றினவன், பதினொரு வருடத்துக்கு முன் செத்துப்போனான். பிள்ளையில்லை. அவளுக்கென்று இருந்தது அந்த ஓர் அறை, அந்தக் குசினி, ஜன்னலோரம் ஒரு பழைய தையல் மெசின். இருபத்தாறு வருடம் அந்தக் கதவைத்தான் திறந்து மூடினாள்.

பக்கத்து வீடு, பதினேழின் கீழ் எட்டு, உலகப்பனுடையது. செட்டியார் தெருவில் ஒரு நகைக்கடையில் நாற்பது வருடம் கணக்கெழுதி ஓய்ந்த மனிதர். அழகான கையெழுத்து. ஒழுங்கையில் எந்தப் படிவம் வந்தாலும் அவர் வாசலுக்குத்தான் போகும். வாக்காளர் படிவம் வரும்போது சிட்டாள் வேலைக்குப் போயிருப்பாள். இரண்டாவது படிவத்துக்கு ஏன் அலைய வேண்டும் என்று, அவளுடைய பெயரையும் தன் வீட்டுப் படிவத்திலேயே எழுதிவிடுவார். அவள் வீட்டு விளக்கும் அவருடைய மீட்டரில் இருந்து ஒரு வயரில் எரிந்தது. அவள் அவரை அண்ணே என்பாள். அவர் அவளைத் தங்கச்சி என்பார். அதில் பொய் இருந்ததாக அன்றைக்கு யாரும் சொல்லியிருக்க முடியாது.

இரண்டு வீட்டுக்கும் நடுவே ஒரு சந்து இருந்தது. ஒரு ஆள் பக்கவாட்டில் நடக்கிற அகலம். இரண்டு கூரைத் தண்ணீரும் அதில்தான் விழும். வேலி கிடையாது, கல் கிடையாது. அந்த மழைத் தண்ணீர் விழுகிற இடம்தான் எல்லை.

"அண்ணே, குசினிய ஒடைச்சாங்கன்னா நான் எங்க சமைக்கிறது?" என்று கதவடியில் நின்று கேட்டாள் சிட்டாள்.

உலகப்பன் மேலே பார்த்தார், சந்துப் பக்கம் பார்த்தார், கானைப் பார்த்தார். நாற்பது வருடம் கணக்கெழுதின மூளை.

"தங்கச்சி, மேல இருந்து பாக்கிறவனுக்குக் கூரை மட்டுந்தானே தெரியும்? உன் கூரையையும் என் கூரையையும் சேத்து, கான் வரைக்கும் ஒரே தகரமா இழுத்து விட்டிருவோம். எது வீடு, எது கான்னு அவனுக்கு எப்பிடி விளங்கும்?"

அபாரமான யோசனை என்று ஒழுங்கையே சொன்னது. ஞாயிற்றுக்கிழமை ஒருகொடவத்தையில் கொள்கலன் முற்றத்தில் வேலை செய்கிற அவருடைய மகன் ஸ்ரீநிவாசன் எங்கிருந்தோ நீல நிறத் தகரம் கொண்டுவந்தான். சிட்டாள் ஏணியைப் பிடித்துக்கொண்டாள். உலகப்பன் ஆணி அடித்தார். பின்னேரத்துக்குள் சந்து மறைந்தது. உள்ளே இருட்டு.

"இனி அந்த ஹெலிகொப்டர் வந்து பாக்கட்டுமே!" என்று சிட்டாள் சிரித்தாள். எல்லோருக்கும் பிளேன்டீ போட்டுக் கொடுத்தாள். தன் வீட்டு எல்லையைத் தானே ஏணி பிடித்து மூடிய கதை இது. அவளும் சிரித்தாள், நாங்களும் சிரித்தோம்.

செவ்வாய்க்கிழமை அவளுக்கு லீவு கிடைக்கவில்லை. ஆடி விற்பனை நேரம், முதலாளி முகம் கொடுத்துப் பேசவில்லை. காலையில் பஸ்ஸுக்கு ஓடும்போது சொன்னாள்: "அண்ணே, அந்த மிஸ் வந்தா நீங்களே சொல்லிருங்க."

"நீ போ, நான் பாத்துக்கிறேன்."

பத்து மணிக்குப் பர்ஸானா வந்தாள். டெப்பில் திங்கட்கிழமை எடுத்த படம் இருந்தது. மேலே இருந்து பார்த்தால் எங்கள் ஒழுங்கை சீட்டுக்கட்டைக் கொட்டிவிட்ட மாதிரி இருந்தது. கடைசியில் மட்டும் ஒரு பெரிய நீலச் சீட்டு.

அதிகாரி என்றால் உலகப்பன் சிங்களத்தில்தான் தொடங்குவார். "கோமத மிஸ்?"

"நல்லா ஈக்கிறன் அங்கிள். தமிழ்லயே கதைப்பம். இந்த நீலக் கூரைக்குக் கீழ ஒரு வீடா, ரெண்டு வீடா?"

இந்த இடத்தில் உலகப்பனுக்கு நியாயம் செய்ய வேண்டும். அந்த நிமிடம் அவர் மனதில் சூது இல்லை. இரண்டு என்று சொன்னால் இரண்டாவதை அளப்பார்கள், அளந்தால் குசினி வரும், குசினி வந்தால் கான் வரும். அவ்வளவுதான் நினைத்தார். நீலத் தகரத்தை ஒரு தரம் அண்ணாந்து பார்த்துவிட்டுச் சொன்னார்.

"ஒண்ணுதான் மிஸ்."

"அந்தப் பக்கம் இன்னொரு கதவு பூட்டியிருக்கே?"

"அது... நம்ம தங்கச்சி இருக்கு."

"உங்கட தங்கச்சி? உங்களோட இருக்கிறவங்க?"

"ஓம் மிஸ்."

பர்ஸானா கடைப்படியில் நின்ற நபீஸ் நானாவைத் திரும்பிப் பார்த்தாள். "சரிதானே நானா?"

நபீஸ் நானா தன் கடைப்படியைப் பார்த்தார். மூன்று அடி. இப்போது வாயைத் திறந்தால் அந்தப் பிள்ளை கீழே குனிந்து பார்க்கும். "எனக்குத் தெரியா மிஸ், நான் யாவாரத்தில நிக்கிறன்" என்று உள்ளே போய், நிறுத்து வைத்த பருப்பை இன்னொரு தடவை நிறுத்தார்.

பர்ஸானா எழுதிக்கொண்டாள். போகும்போது மூன்று தரம் சொன்னாள்: "வரைபடத்த முப்பது நாளைக்கு அலுவலகத்திலயும் ஃபோன்லயும் பாக்கலாம். பிழை இருந்தா வந்து செல்லுங்க, பத்து நிமிஷ வேல. முப்பது நாள் கழிஞ்சா மூடிருவம். அதுக்குப் பொறகு கோர்ட்டுக்குத்தான் போக வேணும்."

நாங்கள் தலையாட்டினோம்.

பன்னிரண்டாம் நாள் வெள்ளவத்தையில் சிட்டாளின் வீடு காணாமல் போனது. கண்டுபிடித்தவள் முதலாளியின் மகள் ரக்ஷிதா. மத்தியானச் சாப்பாட்டு நேரம், சிட்டாள் ட்ரோன் கதையைச் சொல்லிச் சிரிக்க, அவள் ஃபோனில் அந்த வரைபடத்தைத் திறந்தாள்.

"சிட்டாக்கா, உங்கட வீடு எது?"

"கடைசியில, நீலக் கூரை."

"நீலக் கூரையைச் சுத்தி ஒரே கோடுதானே இருக்கு. உலகப்பன் எண்டு பேர் கிடக்கு. ஒன்பதாம் நம்பரே இல்லை அக்கா."

சிட்டாள் கை கழுவிவிட்டு வந்து பார்த்தாள். கோடு மெல்லியது, சிவப்பு நிறம். அவளுடைய கட்டில், மெசின், புருஷனின் படம், எல்லாம் அதற்குள் இருந்தன. அவள் மட்டும் இல்லை.

"உடன போய்ச் சொல்லுங்கோ அக்கா. பிழையெண்டா மாத்துவினம் எண்டு இதிலேயே போட்டிருக்கு."

அன்று பின்னேரம் நேரே உலகப்பனின் கதவைத் தட்டினாள். அவர் படித்துக்கொண்டிருந்த பேப்பரை மடித்து வைத்தார்.

"தங்கச்சி, உனக்குத் தனியாக் கோடு போட்டா, குசினியும் அந்தக் கோட்டுக்குள்ள வரும். யோசிச்சியா? இப்ப போய் வாயக் குடுத்தா, வீடு வருமோ வராதோ, டோசர் வரும். உறுதி என் பேர்ல இருந்தா என்ன? உன்னை நான் வெளிய போன்னு சொல்லுவேனா?"

அவள் நம்பினாள். நம்பாமல் என்ன செய்வாள், இருபத்தாறு வருடம்.

ஆனால் சொன்ன உலகப்பன் இப்போது பழைய உலகப்பன் இல்லை. இரண்டு நாளைக்கு முன் ஸ்ரீநிவாசன் அதே வரைபடத்தைத் தகப்பனுக்குக் காட்டியிருந்தான்.

"அப்பா, ரெண்டும் சேந்தா மேல ரெண்டு மாடி எழுப்பலாம். நம்ம பங்கு மட்டும்னா கக்கூசுக்கும் காணாது."

"அது சிட்டாளோட எடம்டா."

"நாம எடுக்கலியே. கவர்மெண்டு படத்துல அப்பிடித்தானே வந்திருக்கு. நாம ஏன் போய் மாத்தணும்?"

உலகப்பன் அதட்டினார். அதட்டிவிட்டு, அன்று முழுக்க அந்த வரைபடத்தைத் திரும்பத் திரும்பத் திறந்து பார்த்தார். ஏழாம் இலக்கப் பக்கத்துச் சுவர் மெல்லியது, அந்த வீட்டுக்கு எல்லாம் கேட்கும். திருட வேண்டியதில்லை, பேசாமல் இருந்தால் போதும் என்பது எவ்வளவு வசதி! கையில் அழுக்கும் படாது.

இருபத்தெட்டாம் நாள் சிட்டாளுக்கு நித்திரை முறிந்துபோனது. காலையில் எழுந்து, சந்துக்குள் எட்டிப் பார்த்தாள். ஸ்ரீநிவாசன் அதற்குள் சீமெந்து மூட்டை அடுக்கியிருந்தான்.

அன்று லீவு கேட்கவில்லை, எடுத்தாள். அலுவலகத்தில் பர்ஸானா அவளை உட்கார வைத்துத் தண்ணீர் கொடுத்து எல்லாவற்றையும் கேட்டாள். வீட்டு இலக்கத்தில் கரண்ட் பில் இருக்கா? இல்லை. வாக்காளர் பட்டியல்? எட்டாம் நம்பரில். வேறு ஏதாவது கடிதம்? சிட்டாள் தலையைக் குனிந்தாள். எல்லாப் படிவமும் அண்ணன் எழுதினது.

"சரி, பரவாயில்ல. இந்தப் படிவத்தில அயல்ல ஈக்கிற ரெண்டு பேர் கையெழுத்து வெச்சா போதும். இது தனி வீடு, இவங்க இங்க இருக்கிறாங்க எண்டு. உடன கோட்ட மாத்திருவன்."

சிட்டாள் தயங்கித் தயங்கிக் கேட்டாள். "மிஸ்... குசினி கான் மேல இருக்கு. அத ஒடைப்பாங்களா?"

பர்ஸானா அவளை ஒரு நிமிடம் பார்த்தாள். "அக்கா, அறிவித்தல்ல முதலாவது வரியே அதுதான். ஒண்டும் ஒடைக்கிறல்ல. அந்தத் துண்ட மட்டும் புள்ளிக் கோடு போட்டுக் காட்டுவம். அது நகரசபை எடம் எண்டு தெரிஞ்சா போதும். உங்களுக்கு யாரும் செல்லல்லயா?"

யார் சொல்வது? ஒலிபெருக்கியில் கேட்ட நாங்கள் நம்பவே இல்லை. அந்த முதலாவது வரி கணித வகுப்புக்காரரின் நெற்றிக்குப் பின்னால் இருந்தது.

அன்றும் மறுநாளும் சிட்டாள் அந்தப் படிவத்தோடு இருபத்தோரு கதவையும் தட்டினாள். இருபத்தொன்று என்றால் இருபத்தொன்று. கதவைத் திறந்தவர்களில் ஒருவர்கூட, அது உன் வீடு இல்லை என்று சொல்லவில்லை. எல்லோரும் அவளுக்காக வருத்தப்பட்டார்கள். ஹபீலா கண்கூடக் கலங்கினாள்.

"ராத்தா ஒரு கையெழுத்துத்தானே" என்றாள் சிட்டாள். ராத்தா என்றால் மூத்தவள்; ஹபீலா இவளை விட இளையவள். கெஞ்சும்போது வயது பார்க்க முடியாது.

"எனக்கு மனசு இல்லாம இல்ல சிட்டா. ஆனா இதில என்ட வீட்டு நம்பரும் போடச் செல்லி ஈக்கிது. நம்பர் போட்டா, நேர வந்து மேல ஏறிப் பாப்பாங்க. இவரும் ஊர்ல இல்ல."

நபீஸ் நானா படிவத்தை வாங்கி, முன்னும் பின்னும் திருப்பிப் பார்த்து, கண்ணாடி இல்லை என்றார். கண்ணாடி அவருடைய சட்டைப் பையில் இருந்தது. அவள் அதைப் பார்த்தாள். அவள் பார்த்ததை அவரும் பார்த்தார்.

"இருபத்தாறு வருஷமா உங்க கடையிலதானே நானா கடன் கொப்பி வெச்சு சாமான் வாங்குறேன். அந்தக் கொப்பியில எந்த வீட்டு நம்பர் போட்டிருக்கீங்க?"

நபீஸ் நானா படிவத்தைத் திருப்பி நீட்டினார். ஒன்பது என்றுதான் போட்டிருந்தார்.

முப்பதாம் நாள். கையெழுத்து இல்லாத படிவத்தைப் பார்த்த பர்ஸானா, தன் மதியச் சாப்பாட்டை அப்படியே மூடி வைத்தாள். "வாங்க அக்கா, நானே வாறன். அங்க வெச்சு ரெண்டே ரெண்டு பேர் வாயால செல்லட்டும். டெப்லயே பதிஞ்சிருவன். நாலு மணி வரைக்கும் நேரம் ஈக்கிது."

இரண்டரைக்கு ஒழுங்கைக் கடைசியில் கூட்டம் கூடியது. வேடிக்கை என்றால் நாங்கள் தவறவிடமாட்டோம். பர்ஸானா தகரத்துக்குக் கீழே டோர்ச் அடித்துப் பார்த்தாள்.

"ரெண்டு சுவர் ஈக்கிது. எனக்கே வெளங்குது. ஆனா ஒரு ஆளுக்கு ரெண்டு அறையும் இருக்கலாம். சுவர் யாரட எண்டு சுவர் செல்லாது. நீங்கதான் செல்ல வேணும்." அவள் எங்கள் பக்கம் திரும்பினாள். "இது ஒரு வீடா, ரெண்டு வீடா? ரெண்டு பேர் செல்லுங்க. போதும்."

எங்கோ ஒரு பிரெஷர் குக்கர் விசில் அடித்தது. குழாயில் தண்ணீர் சொட்டியது. இருபத்திரண்டு வீட்டின் கறியும் தெரிந்த கூட்டம் அது. ஒவ்வொருவரும் தத்தம் படியை, மாடியை, சுவரை நினைத்துக்கொண்டு தரையைப் பார்த்தோம்.

சிட்டாள் யாரையும் பார்க்கவில்லை. உலகப்பனை மட்டும் பார்த்தாள். "நீங்க சொல்லுங்கண்ணே. நீங்க சொன்னா போதும். எங்க ரெண்டு வீட்டுக்கும் நடுவுல மழ விழுமா, விழாதா?"

உலகப்பன் திரும்பிப் பார்த்தார். பின்னால் ஸ்ரீநிவாசன் நின்றான்.

"தங்கச்சி கொஞ்சம் கோவத்துல இருக்கு மிஸ்" என்றார் அவர். "வீட்டுப் பிரச்சினை. நாங்க பேசித் தீத்துக்குவோம்."

நாலு மணிக்கு வரைபடம் மூடப்பட்டது. டெப்பில் ஒரு சின்னப் பச்சை அடையாளம் வந்தது, அவ்வளவுதான். பர்ஸானா முகத்தைத் துடைத்துக்கொண்டு போனாள். வியர்வையைத் துடைத்தாள் என்று எங்களுக்குள் சொல்லிக்கொண்டோம்.

நாலு மாதம் கழித்து உறுதி வந்தது. குழாயடியில் மேசை போட்டு, பெயர் கூப்பிட்டுக் கொடுத்தார்கள். வழுவழுப்பான காகிதம், மூலையில் ஃபோனால் படிக்கிற சதுரம், நடுவில் அவரவர் வீட்டின் படம். அதைப் பிரித்துப் பார்த்தபோதுதான் எங்களுக்கு விஷயம் விளங்கியது. நபீஸ் நானாவின் மூன்று அடிப் படி அதில் இருந்தது, புள்ளிக் கோடாக. ஹபீலாவின் மேல்மாடி இருந்தது, கருவாட்டுக் கொடியோடு. ட்ரோனுக்கு எல்லாம் தெரிந்திருந்தது. எதையும் யாரும் உடைக்கவில்லை. எதை மறைக்க நாங்கள் வாயை மூடினோமோ அது மறைவாகவே இல்லை.

அந்த வழுவழுப்பான காகிதத்தைப் பிடித்தபடி நபீஸ் நானா மேசையடிக்குப் போனார். "மிஸ், நான் இப்ப கையெழுத்து வெச்சா ஏலாதா? அந்தப் புள்ளட வீட்டுக்கு?"

"இப்ப கோர்ட்டுக்குத்தான் போக வேணும் நானா. வருஷக்கணக்கா இழுபடும்." பர்ஸானா பட்டியலில் இருந்து தலை நிமிரவில்லை. "அண்டைக்கு உங்கட ஒரு சொல் போதுமா இருந்த. ட்ரோனுக்குத் தெரியிற கூர மட்டுந்தான். கூரைக்குக் கீழ யார் ஈக்கிறாங்க எண்டு அயலவன் வாயத் தொறந்தாத்தான் படம் சரியா வரும். இந்தப் பிழையான கோட்ட மெசின் கீறல்ல நானா. நீங்க எல்லாரும் சும்மா நிண்டு கீறினது."

அடுத்த மாதம் சிட்டாள் போனாள். யாரும் விரட்டவில்லை. உலகப்பன் கடைசிவரை வெளியே போ என்று சொல்லவில்லை, அந்த வார்த்தையை அவர் காப்பாற்றினார். மகன் மேலே கட்டத் தொடங்கினான், கம்பி இறக்க இடம் வேண்டும் என்றான், குசினிச் சுவரைத் தட்டினான், கரண்ட் வயரை இரண்டு நாளைக்குக் கழற்றுகிறேன் என்று கழற்றினான். டோசர் கொண்டு வர வேண்டிய வேலையை ஒரு சுத்தியலும் ஒரு வயரும் முடித்துவிட்டன. ஒரு த்ரீவீலில் மெசினும் கட்டில் சட்டமும் ஏற்றிக்கொண்டு அவள் கொலன்னாவைப் பக்கம் வாடகை அறைக்குப் போனாள். வெள்ளவத்தைக்கு இனி இரண்டு பஸ்.

உலகப்பன் அன்றைக்குக் கதவைத் திறக்கவில்லை. இப்போதும் அவர் கடைப்பக்கம் வருவது குறைவு. படிவம் எழுதித் தரச் சொல்லி யாரும் அவரிடம் போவதுமில்லை. மாடி மட்டும் எழும்புகிறது.

போன ஞாயிற்றுக்கிழமை நபீஸ் நானா கொலன்னாவைக்குப் போனார். கையில் அந்தப் பழைய கடைக் கொப்பிகள், பக்கத்துக்குப் பக்கம் பதினேழின் கீழ் ஒன்பது என்று எழுதினவை. ஒரு வெள்ளைத் தாளில் தன் வாக்குமூலத்தை எழுதி, தேசிய அடையாள அட்டை இலக்கமும் போட்டுக் கையெழுத்து வைத்திருந்தார். அறையில் ஜன்னல் இல்லை. மெசினைக் கதவடியில் வைத்துத் தைத்துக்கொண்டிருந்தாள் சிட்டாள்.

"இத வெச்சு கேஸ் போடுவம் புள்ள. நான் வந்து சாட்சி செல்றன். எந்தக் கோர்ட்டுக்கும் வாறன்."

சிட்டாள் மெசினை நிறுத்தினாள். தாளை வாங்கி வாசித்தாள். அவளுக்கு வாசிக்க நேரம் எடுக்கும். வாசித்து முடித்து, மடித்து, அவருடைய கையிலேயே வைத்தாள்.

"கேஸ் பேச லோயருக்கு நான் எங்க போறது நானா? லீவு போட்டா அன்னைக்குச் சம்பளம் இல்ல. எனக்கு ஐம்பத்தெட்டு வயசு. முடியிறப்ப நான் இருப்பனா?"

"அல்லாவுக்காக, அப்பிடிச் செல்லாத புள்ள."

"கோவத்துல சொல்லல. இந்தக் கையெழுத்த நான் உங்க கடைப்படியில நின்னு கேட்டப்ப, அது எனக்கு வீடு. இப்ப கொண்டு வந்து குடுக்கிறப்ப, அது உங்களுக்கு நிம்மதி. அவ்வளவுதான் நானா."

நபீஸ் நானா நின்றார். படியிறங்கத் தெரியாதவர் போல நின்றார். சிட்டாள் மறுபடியும் சேலையை மெசினுக்குள் கொடுத்தாள். பிறகு, தைத்துக்கொண்டே சொன்னாள்.

"அடுத்த ஒழுங்கைக்கும் அந்த மிஸ் வருவாங்க தானே. அங்க உள்ளவங்ககிட்ட ஒண்ணு சொல்லுங்க. மதில்ல ஒட்டியிருக்கத முழுசா வாசிக்கச் சொல்லுங்க. முப்பது நாள்ல ஒரு நாள் போய்ப் படத்தப் பாக்கச் சொல்லுங்க. பக்கத்து வீட்டுக்காரி வேலைக்குப் போயிருந்தா, அது அவ வீடுன்னு சொல்லச் சொல்லுங்க. தன்னோட படிய மறைக்கிறதுக்காக வாய மூடுறவன், அடுத்தவளோட வீட்ட மூடுறான். அத மட்டும் சொல்லுங்க. போதும்."

நபீஸ் நானா தலையாட்டினார்.